25 ஏக்கருக்கு ஒரு வீடு: மாண்ட்கோமரி கவுண்டியின் நிலத் திட்டமிடல் சேவை பற்றி ஒரு மதிப்புரை

கடந்த அக்டோபரில், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்து மாண்ட்கோமரி கவுண்டியில், பியல்ஸ்வில் என்ற சிற்றூருக்கு அருகே விற்பனைக்கு வந்திருந்த 6 ஏக்கர் நிலத்தைப் பார்க்க நானும் என் மைத்துனரும் போயிருந்தோம். மக்காச்சோளம் அறுத்து முடித்த வயல், ஓரத்தில் வால்நட் மரங்கள், காலணியில் அப்பிக்கொண்ட செம்மண். அந்த மண்ணைப் பார்த்ததும் மைத்துனருக்குப் புதுக்கோட்டை நினைவு வந்துவிட்டது. இரண்டு குடும்பங்களும் சேர்ந்து வாங்கி அடுத்தடுத்து வீடு கட்டிக்கொள்ளலாம் என்பது எங்கள் எண்ணம். தரகரும் அதற்குத் தடையில்லை என்றே சொன்னார். விலை மட்டும் நம்ப முடியாத அளவுக்கு மலிவாக இருந்தது. வண்டியில் திரும்பும்போது மைத்துனர், "அத்தான், இந்த ஊரில் இந்த விலைக்கு நிலம் கிடைக்கிறது என்றால் எங்கேயோ வில்லங்கம் இருக்கிறது," என்றார்.

வில்லங்கம் இருக்கத்தான் செய்தது. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது வீட்டன் நகரில் இருக்கும் கவுண்டித் திட்டமிடல் துறையின் தகவல் மேசை. (மெட்ரோ ரயிலில் போனால், மேற்கு அரைக்கோளத்திலேயே மிக நீளமானது என்று சொல்லப்படும் ஒற்றை எஸ்கலேட்டரில் ஏறி வெளியே வர வேண்டும். அந்தப் பயணத்துக்கே தனி மதிப்புரை எழுதலாம்.) மேசையில் இருந்த அம்மையார் இணைய வரைபடத்தில் நிலத்தை அடையாளம் கண்டு, பதிவுசெய்யப்பட்ட பத்திரத்தைத் திரையில் திறந்து, கால் மணி நேரத்துக்குள் விவரத்தைச் சொல்லிவிட்டார். நாங்கள் பார்த்த 6 ஏக்கர் ஒரு பெரிய பண்ணையிலிருந்து பிரிந்த துண்டு. அந்தப் பண்ணையின் பழைய உரிமையாளர், தாம் குடியிருந்த வீட்டுக்குரியதைத் தவிர, வீடு கட்டும் உரிமைகள் அனைத்தையும் 1980களிலேயே விற்றுவிட்டிருந்தார். நிலம் விற்கப்படவில்லை, அதில் கட்டும் உரிமை மட்டும் தனியே விற்கப்பட்டு, நிலத்தின் மீது நிரந்தரக் கட்டுப்பாட்டுப் பத்திரம் பதிவாகியிருந்தது. அங்கே கோதுமை விதைக்கலாம், மாடு வளர்க்கலாம், வைக்கோற்போர் போடலாம். குடியிருக்க வீடு மட்டும் கட்ட முடியாது.

கேட்ட கேள்விக்கு நேர்ப் பதிலைக் கட்டணமின்றி, முன்பதிவின்றி, முகம் சுளிக்காமல் தந்த அந்தக் கால் மணி நேரம்தான் இந்த மதிப்புரை எழுதத் தூண்டியது. ஆனால் மதிப்பிட வேண்டியது ஒரு மேசையின் பணிவை அல்ல. 40 ஆண்டுகளுக்கு மேலாகப் பண்ணை நிலத்தையும் வீட்டுத் தேவையையும் ஒரே திட்டத்துக்குள் வைத்துச் சமாளிப்பதாகச் சொல்லும் ஒரு பெரிய சேவையை. வரி கட்டுபவன் என்ற முறையில் நானும் அதன் வாடிக்கையாளன்தான்.

கவுண்டி என்பதை ஏறத்தாழ நம் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். மாண்ட்கோமரி கவுண்டி வாஷிங்டன் நகரின் வடமேற்கு எல்லையில் தொடங்கி பொட்டோமாக் ஆற்றை ஒட்டி மேலேறிச் செல்கிறது. இங்கே நிலத் திட்டமிடலைக் கவனிக்கும் ஆணையம் 1927இல் அமைந்தது. 1964இல் அது வெளியிட்ட பொதுத் திட்டத்தின் அடிப்படை எளிமையானது: நெடுஞ்சாலையையும் ரயிலையும் ஒட்டிய தடங்களில் மக்கள் நெருக்கமாகக் குடியேறட்டும், அத்தடங்களுக்கு இடையே ஆப்பு வடிவில் கிடக்கும் நிலம் பண்ணையாகவும் காடாகவும் இருக்கட்டும். திட்டத்தின் பெயரிலேயே "ஆப்பு" உண்டு. தமிழில் அச்சொல்லுக்கு இருக்கும் இன்னொரு பொருள் இங்கே யாருக்கும் தெரியாது என்றாலும், நில உரிமையாளர்கள் பலர் பின்னாளில் அந்தப் பொருளிலேயே அதை உணர்ந்தார்கள்.

வரைபடத்தில் பச்சை தீட்டியதனால் நிலம் பச்சையாகவே இருந்துவிடாது. 1973இல் கவுண்டி கிராமப்புறத்தில் 5 ஏக்கருக்கு ஒரு வீடு என்று வரம்பு விதித்தது. அது பயன்படவில்லை. 5 ஏக்கர் என்பது டிராக்டர் ஓட்டுபவருக்கு நன்றாகத் திருப்பக்கூடப் போதாத நிலம். வசதி படைத்தவருக்கோ வேலி போட்டு, மாளிகை கட்டி, இரண்டு குதிரைகள் வளர்க்கக் கச்சிதமான அளவு. பண்ணைகள் 5 ஏக்கர் 5 ஏக்கராக உடையத் தொடங்கின. ராய்ஸ் ஹான்சன் என்பவர் திட்டமிடல் வாரியத்தின் தலைவராக இருந்த காலத்தில், 1980இல், இதற்குப் புதிய திட்டம் வந்தது. கவுண்டியின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கான 93,000 ஏக்கர் வேளாண் காப்பு நிலமாக அறிவிக்கப்பட்டு, அதில் 25 ஏக்கருக்கு ஒரு வீடு என்று வரம்பு இறுக்கப்பட்டது.

அப்படி இறுக்கினால் உரிமையாளரின் சொத்து மதிப்பு ஒரே இரவில் சரியும் அல்லவா? அதற்கு ஈடாக வந்ததுதான் வளர்ச்சி உரிமை மாற்றம், சுருக்கமாக டி.டி.ஆர். சென்னையில் சாலை விரிவாக்கத்துக்கு இடம் விட்டவர்களுக்குத் தரப்படும் டி.டி.ஆர். சான்றிதழைப் பற்றி அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. 100 ஏக்கர் பண்ணை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய விதிப்படி அதில் 20 வீடுகள் கட்டலாம். புதிய விதிப்படி 4 மட்டுமே. ஆனால் 5 ஏக்கருக்கு ஒன்று என்ற பழைய கணக்கிலேயே 20 உரிமைகள் அவர் கையில் கொடுக்கப்படும். 4 வீடுகளுக்கானதை வைத்துக்கொண்டு மீதி 16 உரிமைகளை அவர் கட்டுமான நிறுவனத்துக்கு விற்கலாம். அந்த நிறுவனம், கவுண்டி குறித்துக் கொடுத்திருக்கும் ஏற்புப் பகுதியில், வழக்கமாக அனுமதிக்கப்படுவதைவிட 16 வீடுகளைக் கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். பணம் தருவது அரசு அல்ல, கட்டுநர். நிலம் பிறகு எத்தனை கை மாறினாலும் கட்டுப்பாடு கூடவே போகும். எங்கள் 6 ஏக்கருக்கு நேர்ந்தது அதுதான்.

இந்தப் பாதிச் சேவைக்கு முழு மதிப்பெண் கொடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. உரிமை மாற்றத்தின் வழியாக மட்டுமே 50,000 ஏக்கருக்கு மேல் நிரந்தரக் கட்டுப்பாட்டுக்குள் வந்திருக்கிறது. கவுண்டியின் மக்கள்தொகை 1980இல் 5,79,053, 2020இல் 10,62,061. கிட்டத்தட்ட இரண்டு மடங்காகப் பெருகிய பின்னும் பூல்ஸ்வில், பார்ன்ஸ்வில், டிக்கர்சன் பக்கம் போனால் ஒற்றை வண்டிப் பாதைகளையும் தானியக் குதிர்களையும்தான் பார்க்க முடிகிறது. அப்பாதைகளை அகலப்படுத்தாமல் விட்டுவைப்பதற்கென்றே 1993 முதல் தனிச் சட்டம் உண்டு. ஜூலையில் ஆற்றோரத்து வனவிலங்குப் பகுதியில் சூரியகாந்தி பூக்கும்போது எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேர் படம் எடுக்க அங்கேதான் நிற்பார்கள். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் வர்ஜீனியாவின் லவுடன் கவுண்டியில் அதே 40 ஆண்டுகளில் மக்கள்தொகை 57,427இலிருந்து 4,20,959ஆக உயர்ந்தது. அங்கே மேற்குப் பகுதியில் இன்னும் பண்ணைகள் உண்டு. ஆனால் கிழக்குப் பாதியைப் பார்ப்பவர்கள் ஒரு காலத்தில் அங்கே பால் பண்ணைகள் இருந்தன என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இனி மறுபாதி.

நான் குடியிருப்பது கிளார்க்ஸ்பர்க்கில், வரிசை வீடுகளுள் ஒன்றில். மேசையில் இருந்த அம்மையார் பேச்சுவாக்கில், "கிளார்க்ஸ்பர்க்கும் ஏற்புப் பகுதிதான்," என்றார். வீட்டுக்கு வந்ததும் எங்கள் குடியிருப்பின் பதிவு வரைபடத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மூலையில் சிறிய எழுத்தில் டி.டி.ஆர். வரிசை எண்கள். எங்கோ ஒரு பண்ணையில் எழும்பாமல் போன வீடுகளின் உரிமைதான் எங்கள் தெருவில் சுவராகவும் கூரையாகவும் நிற்கிறது. யாரையோ கட்டவிடாமல் தடுத்த விதியைப் பற்றி வண்டியில் அவ்வளவு நேரம் குறைப்பட்டுக்கொண்டு வந்த எனக்கு அது கொஞ்சம் உறைத்தது.

ஆனால் அந்த உரிமைகள் வந்து இறங்கிய இடம் எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். கிளார்க்ஸ்பர்க்குக்கான 1994ஆம் ஆண்டுத் திட்டம், ஷேடி குரோவ் மெட்ரோ நிலையத்திலிருந்து ஒரு போக்குவரத்துத் தடம் இங்கு வரை வரும் என்று நம்பி வகுக்கப்பட்டது. வீடுகள் வந்தன, தடம் வரவேயில்லை. காலை 7 மணிக்கு 270ஆம் நெடுஞ்சாலையில் ஏறுபவர்கள் எல்லோரும் அந்த வராத தடத்துக்கான கட்டணத்தைப் பெட்ரோலாகவும் நேரமாகவும் கட்டிக்கொண்டிருக்கிறோம். 1964இல் போட்ட கணக்கில் ஆப்பும் தடமும் சேர்ந்தே ஒரு திட்டம். ஆப்பைக் காக்கப் பத்திரப் பதிவும் சட்டமும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். தடத்துக்கோ வாக்குறுதி மட்டும்தான் இருந்தது.

ஏற்புப் பகுதிகளின் கதையும் சுகமானதல்ல. பண்ணையைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் கவுண்டியில் எல்லோருக்கும் ஒரே கருத்து. அதற்கு ஈடான வீடுகள் தம் தெருவுக்கு வருவதில்தான் ஒருவருக்கும் சம்மதமில்லை. பொட்டோமாக் பகுதிக் குடியிருப்போர் சங்கம் தொடுத்த வழக்கில், ஏற்புப் பகுதிகளில் எவ்வளவு நெருக்கமாகக் கட்டலாம் என்பதை மண்டல விதியாக இயற்றாமல் திட்ட ஆவணத்தின் வழியாகவே நிர்ணயித்தது செல்லாது என்று 1987இல் மேரிலாந்தின் உயர்மட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கவுண்டி கவுன்சில் விதிகளைத் திருத்தி முறைமையைக் காப்பாற்றிக்கொண்டது. ஆனால் உரிமைகளை வாங்கிப் பயன்படுத்தும் இடங்கள் தாராளமாகத் திறக்கவில்லை. விற்க உரிமைகள் வைத்திருப்பவர் அதிகம், வாங்குபவர் குறைவு என்ற சந்தையில் விவசாயிக்கு என்ன விலை கிடைக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிற்பாடு பில்டிங் லாட் டெர்மினேஷன் என்ற துணைத் திட்டம் வந்தது. 25 ஏக்கருக்கு ஒன்று என்று விவசாயி கையில் எஞ்சியிருக்கும் மனையையும் கூடுதல் விலை கொடுத்து நிரந்தரமாக முடித்து வைப்பது அதன் வேலை. நல்ல திருத்தம்தான், நிலத்தை இன்னும் இறுகக் காக்கிறது. வீட்டுப் பக்கத்துக்கு இப்படி ஒரு திருத்தம் வர எவ்வளவு காலம் ஆனது என்று பாருங்கள்.

நியாயமாகச் சொன்னால், வீட்டுப் பக்கமும் வெறுங்கையாக இல்லை. பெரிய குடியிருப்பு கட்டும் எவரும் அதில் ஒரு பங்கை நடுத்தர வருமானத்தினருக்குக் கட்டுப்படியாகும் விலையில் தர வேண்டும் என்று 1974இலேயே இந்தக் கவுண்டி சட்டம் இயற்றியது. நாட்டின் பல ஊர்கள் அதைப் பார்த்துத்தான் தங்கள் சட்டங்களை எழுதின. தொடக்கத்தில் அந்த விலைக் கட்டுப்பாடு சில ஆண்டுகளே நீடித்ததால் ஆயிரக்கணக்கான வீடுகள் சந்தை விலைக்குப் போய்விட்டன. 2005இல்தான் விற்பனை வீடுகளுக்கு அது 30 ஆண்டுகளாக நீட்டப்பட்டது. நிலத்துக்கு நிரந்தரம், வீட்டுக்குத் தவணை என்ற இந்த வித்தியாசம்தான் என் முதன்மையான குறை. அண்மையில் கவுண்டியின் வீட்டுவசதி ஆணையம் பொது நிதியைக் கொண்டு ஷேடி குரோவ் ரயில் நிலையத்துக்கு அருகே 268 வீடுகள் கொண்ட லாரியேட் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தை எழுப்பி 2023இல் திறந்தது. உரிமைகள் முதலிலேயே வந்து இறங்கியிருக்க வேண்டிய இடம் அதுதான்: ரயிலுக்கு நடந்து போகும் தொலைவு.

2022 அக்டோபரில் கவுன்சில் ஏற்றுக்கொண்ட "த்ரைவ் மாண்ட்கோமரி 2050" என்ற புதிய பொதுத் திட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. வேளாண் காப்பு நிலத்தைத் தொடாமல் விட்டுவிட்டு, பெரிய சாலைகளையும் நிலையங்களையும் ஒட்டி இரட்டை வீடு, மூன்று வீடு என்று நெருக்கிக் கட்ட இடம் தர வேண்டும் என்கிறது அது. 2024இல் திட்டமிடல் வாரியம் அதற்கான பரிந்துரைகளை வெளியிட்டபோது எழுந்த எதிர்ப்பு, பக்கத்துத் தெருவில் சாராயக்கடை திறப்பதற்கு நம் ஊரில் எழும் எதிர்ப்பைவிடக் கடுமையாக இருந்தது. 2025இல் கவுன்சில் நிறைவேற்றியது, சில பெரிய சாலைகளை ஒட்டிய மனைகளுக்கு மட்டுமான, அவற்றைவிடச் சுருங்கிய விதி. எதிர்த்தவர்களில் பலர் பண்ணை நிலத்தைக் காக்கக் கையெழுத்திட்டவர்களும்தான். அவர்கள் போலிகள் என்று நான் சொல்லவில்லை. மரத்தையும் நிழலையும் தெருவின் அமைதியையும் உண்மையாகவே விரும்புகிறார்கள். ஆனால் 1980இல் விவசாயியிடம் "உன் 20 வீடுகளில் 16ஐ வேறு இடத்தில் கட்டவிடுகிறோம்" என்று கொடுத்த வாக்கில் அந்த வேறு இடம் இவர்களுடைய தெருதான் என்பதை யாராவது இவர்களுக்கு நினைவூட்ட வேண்டும்.

தமிழர் கவனிக்க வேண்டிய ஒரு விவரம் இங்கே உண்டு. கோயிலோ தேவாலயமோ கட்ட நினைக்கும் எந்தச் சமூகமும் முதலில் மலிவான கிராமப்புற நிலத்தைத்தான் தேடும். காப்பு நிலத்தில் 119 ஏக்கர் வாங்கியிருந்த ஒரு தேவாலயத்துக்குக் குடிநீர், கழிவுநீர் இணைப்பைக் கவுண்டி மறுத்தது. பிறகு, அத்தகைய உரிமை மாற்றப்பட்ட நிலங்களில் இவ்வகைக் கட்டடங்களே கூடாது என்று விதியும் திருத்தப்பட்டது. தேவாலயம் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மத உரிமையின் மீது இது கணிசமான சுமையா என்பதை விசாரித்தே தீர வேண்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. கவுண்டியின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பதற்கும் அந்த இறுக்கத்துக்கு எல்லை உண்டு என்பதற்கும் இந்த ஒரு வழக்கு போதும். சூரிய மின்தகடுகளுக்கும் இதே கதிதான்: 2021இல் அனுமதி கிடைத்தது, ஆனால் வளமான மண்ணைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு.

விதிக்குள் நெகிழ்ச்சி காட்டிய இடமும் ஒன்று உண்டு. 1981 தொடக்கத்துக்கு முன்பிருந்தே நிலம் வைத்திருக்கும் குடும்பம், 25 ஏக்கர் கணக்குக்கு அப்பாலும் தன் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மனை பிரித்துக் கொடுக்கலாம். இதற்குப் பெயரே பிள்ளை மனை. பாகப்பிரிவினை தெரிந்த யாரோதான் இதை எழுதியிருக்க வேண்டும் என்று மைத்துனர் சொன்னார். பிள்ளைகள் பெயரில் மனை பிரித்து உடனே வெளியாருக்கு விற்கும் வழக்கம் தலைதூக்கியதும் விதியை இறுக்கினார்கள், அதிலும் வியப்பில்லை.

திட்டமிடல் வாரியம் வியாழக்கிழமைகளில் கூடுகிறது. பெயர் பதிந்தால் யாரும் பேசலாம். இணையம் வழியாகவும் பேசலாம். ஒரு முறை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டேன். பேசியவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற வீட்டு உரிமையாளர்கள். வாடகைக்குக் குடியிருப்பவர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு பேசியவர் ஒரே ஒருவர். அவரும் வேலையிடத்துச் சிற்றறையிலிருந்து தாழ்ந்த குரலில் பேசினார். ஏற்பாட்டில் குறை சொல்ல முடியாது. பகலில் ஓய்வாக இருப்பவர்களின் குரல்தான் அங்கே அதிகம் பதிவாகிறது என்பதை வாரியம் உணர்ந்து ஏதாவது செய்தால் நல்லது.

நட்சத்திரக் கணக்கில் சொல்ல வேண்டுமென்றால் நிலக் காப்புக்கு 5, தகவல் சேவைக்கு 5, வீட்டு வழங்கலுக்கு 2 கொடுப்பேன். இங்கே கிராமப்புறத்தில் நிலம் வாங்க நினைப்பவர்களுக்கு: தரகரின் சொல்லை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். கவுண்டியின் இணைய வரைபடத்தில் மண்டலக் குறியீடு ஏ.ஆர். (வேளாண் காப்பு நிலம்) என்று இருந்தால், மாநிலத்தின் நிலப் பதிவுத் தளத்தில் தாய்ப்பத்திரம் வரை பின்னோக்கிப் போய் உரிமை மாற்றப் பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டும் உரிமை இருந்தாலும் அது மட்டும் போதாது. அங்கே பொதுக் கழிவுநீர்க் குழாய் கிடையாது; செப்டிக் டேங்குக்கு மண் நீரை உறிஞ்சுகிறதா என்ற பெர்க் டெஸ்டில் தேற வேண்டும். பூல்ஸ்வில் பக்கத்துச் செம்மண்ணுக்கு அடியில் சில இடங்களில் சற்று ஆழத்திலேயே பாறை இருக்கிறது. கண்ணுக்கு அழகான மண் அந்தச் சோதனையில் தேறும் என்று நம்பிவிட வேண்டாம்.

நவம்பர் கடைசியில் அந்த வழியாகப் போனபோது விற்பனைப் பலகையைக் காணவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் வாங்கியிருப்பார் போலும்; நாங்கள் வாசல் வைக்க நினைத்த இடத்தில் கோதுமை முளைத்து விரல் உயரம் நின்றது. மைத்துனர் இன்னும் ஷேடி குரோவில் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்.